பரோடா தந்த பதினொன்றரை பவுண்டு

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் மாநிலப் பட்டியலின் முன்வரிசையில் இடம்பெறுவது நமக்குப் பழகிப்போன செய்தி. 2023-ஆம் ஆண்டில் 97.85 விழுக்காட்டுத் தேர்ச்சியுடன் அம்மாவட்டம் முதலிடத்தையே பெற்றது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் சரவெடி பின்னியும், தீப்பெட்டி ஒட்டியும், அச்சகங்களில் தாள் அடுக்கியும் பிழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் அந்தத் தேர்ச்சிக் கணக்கில் கணிசமானவர்கள். அவர்களில் பலர் கல்லூரிக்கும் செல்கின்றனர்; தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவருகின்றனர். அதற்கு மேல் என்ன என்ற கேள்விக்குத்தான் விடை கிடைப்பதில்லை. வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பு என்பது வங்கிக் கடனுக்கு அடமானம் வைக்க வீடோ நிலமோ உடையவர்களுக்கு உரியது என்ற எண்ணம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

கல்விக் கட்டணம், பயணச் செலவு, தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு அனைத்தையும் ஏற்றுக்கொள்ளும் முழு உதவித்தொகைகள் உலகில் உண்டு. அடமானம் வைக்க எதுவுமற்ற ஓர் இந்திய மாணவர் நூறாண்டுகளுக்கு முன்பே அத்தகைய உதவித்தொகையில் கடல் கடந்து சென்று பொருளியலில் முதுநிலைப் பட்டம் பெற்றார். அரசமைப்புச் சட்டத்தின் சிற்பி என்று அவரை நாடறியும். டாக்டர் பீ.ரா. அம்பேத்கரின் வாழ்க்கையை உதவித்தொகை என்ற ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், இன்றைய மாணவர்களும் ஆட்சியாளர்களும் அறிய வேண்டிய செய்திகள் அதில் பல உள்ளன.

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராகப் பணியாற்றியவர். பதினான்கு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை அம்பேத்கர். சதாராவில் பள்ளிக்குச் சென்றபோது வகுப்பில் தனியே அமர வேண்டியிருந்தது. தண்ணீர்ப் பானையைத் தொடும் உரிமையும் அவருக்கு இல்லை. குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்த பின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அவருடைய சமூகத்தில் அது அரிய நிகழ்வு என்பதால் பாராட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. அக்கூட்டத்தில் பங்கேற்ற கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை மாணவருக்குப் பரிசளித்தார்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் இன்டர்மீடியட் முடித்ததும் ராம்ஜியின் ஓய்வூதியம் மேற்படிப்புக்குப் போதவில்லை. அப்போதும் கேளுஸ்கரே முன்வந்தார். தகுதியுள்ள தாழ்த்தப்பட்ட மாணவருக்கு உதவத் தயாராக இருந்த பரோடா மன்னர் சயாஜிராவ் கெயிக்வாடிடம் அம்பேத்கரை அழைத்துச் சென்றார். நேர்காணலுக்குப் பின் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. மன்னரின் கருவூலத்தில் பணம் இருந்தது. பம்பாயின் நெருக்கடியான குடியிருப்பில் தகுதி இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை. இத்தகைய தகவல் இடைவெளியைப் பொருளியலார் சந்தையின் குறைபாடு என்பர். பம்பாயில் அதை நிரப்பியவர் ஓர் ஆசிரியர்.

1912-இல் அம்பேத்கர் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாள்களிலேயே தந்தையின் உடல்நிலை மோசமடைந்த செய்தி கேட்டுத் திரும்பினார். பிப்ரவரி 2-ஆம் நாள் ராம்ஜி காலமானார். அதே ஆண்டில் சில மாணவர்களை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பரோடா அரசு முடிவு செய்தது. அம்பேத்கர் விண்ணப்பித்தார், தேர்வானார். மாதம் 11.5 பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவி. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1913 ஜூன் 4-ஆம் நாள் அவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்.

அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். ஆகவே அது மாதம் ஏறத்தாழ 172 ரூபாய். 25 ரூபாயில் பி.ஏ. படித்த இளைஞருக்கு அது பெருந்தொகையாகத் தோன்றியிருக்கும். ஆனால், நியூயார்க்கின் விலைவாசிக்கு அது தாராளமானது அன்று. அந்தத் தொகையிலும் மிச்சம் பிடித்து அவர் பம்பாயிலிருந்த குடும்பத்துக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது.

பத்தாண்டுப் பணி ஒப்பந்தத்தின் பொருளைச் சிவகாசி வட்டாரத்தினர் எளிதில் உணர்வர். தீபாவளி முடிந்து ஆலை மீண்டும் திறக்கும்போது வாங்கும் முன்பணம் அந்த ஆண்டு முழுவதும் தொழிலாளியை ஒரே இடத்தில் கட்டிப்போடுவதை அவர்கள் அறிவர். முன்பணம் அவசரத் தேவையைத் தீர்க்கும். உழைப்பை வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் உரிமையைப் பறிக்கும். பரோடா தந்த பணமும் ஒருவகை முன்பணமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. முன்பணம் வாங்கியவரின் திறன் ஆண்டு முடிவில் கூடுவதில்லை. அம்பேத்கரின் திறனோ மூன்றாண்டுகளில் பன்மடங்கு பெருகியது.

1913 ஜூலையில் அவர் நியூயார்க் சேர்ந்தார். அங்கே லிவிங்ஸ்டன் விடுதியில் அறைத் தோழராக அமைந்த நவல் பதேனா என்ற பார்சி இளைஞர் வாழ்நாள் நண்பரானார். கிடைத்த காலத்தை அம்பேத்கர் பயன்படுத்திய விதம் வியப்புக்குரியது. முதுநிலைப் பட்டத்துக்குத் தேவையான பாடங்களோடு அவர் நிற்கவில்லை. பொருளியலில் மட்டும் 29 பாடங்கள். அவற்றோடு வரலாறு, சமூகவியல், தத்துவம், மானுடவியல், அரசியல் ஆகியவற்றிலும் பல பாடங்களுக்குப் பதிவு செய்துகொண்டார். பொது நிதியியல் அறிஞர் எட்வின் செலிக்மன், தத்துவ அறிஞர் ஜான் டூயி போன்றோரிடம் பயின்றார். பழைய புத்தகக் கடைகளில் தேடித்தேடி ஏறத்தாழ 2,000 நூல்களைச் சேர்த்தார்.

1915 ஜூனில் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே 9-ஆம் நாள் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றம், இயங்குமுறை, வளர்ச்சி குறித்து ஆய்வுரை படித்தார். அதே ஆண்டில் இந்தியாவின் தேசிய ஈவு பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டையும் அளித்தார். அது விரிவாக்கப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் பரிணாமம் என்ற நூலாக 1925-இல் வெளிவந்தது. 1927-இல் கொலம்பியா முறைப்படி முனைவர் பட்டம் வழங்கியது.

அங்கிருந்து லண்டன் சென்று, 1916 அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். பரோடாவிலிருந்து ஓராண்டு நீட்டிப்பே கிடைத்தது. 1917-இல் அதுவும் முடிந்தது. ஆய்வு பாதியில் நிற்க, அவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்காண்டுகளுக்குள் திரும்பிவந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்றுக்கொண்ட பின்னரே புறப்பட்டார். கையில் காசில்லாத நிலையிலும் அந்த அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ள அவர் தவறவில்லை. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அவர் வந்த கப்பல் கரை சேர்ந்தது. நூல்கள் அடங்கிய பெட்டிகளை ஏற்றி வந்த வேறொரு கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது.

பெட்டிகளுக்கு ஈடாகக் கிடைத்த தொகையைக் கொண்டு, ஒப்பந்தத்தை நிறைவேற்ற அவர் பரோடா சென்றார். மன்னரின் ராணுவச் செயலர் பதவி. பின்னாளில் நிதித் துறைப் பொறுப்பு தரப்படும் என்பது திட்டம். ஆனால், அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்களும் கோப்புகளை அவர் மேசை மீது எட்ட நின்று வீசினர். குடிநீர் கிடைக்கவில்லை. தங்குவதற்கு எந்த விடுதியும் இடம் தரவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரை, தடிகளுடன் வந்த கூட்டம் வெளியேற்றியது. கொலம்பியாவில் பயின்ற பொருளியலார், தம்மைப் படிக்க வைத்த அரசின் தலைநகரில் இரவு தங்க இடமின்றி மரநிழலில் அமர்ந்து கண்ணீர் விட்டு, பம்பாய்க்கு ரயிலேறினார். ஒப்பந்தத்தை முறித்தவர் மாணவர் என்று இதைச் சொல்ல முடியாது. படிக்க வைத்த அரசால், படித்துத் திரும்பியவருக்கு ஒரு வாடகை அறையை உறுதிசெய்ய முடியவில்லை.

1918 நவம்பரில் பம்பாய் சிடனம் வணிகவியல் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். சம்பளம் மாதம் 450 ரூபாய். எளிய குடியிருப்பிலேயே தொடர்ந்து வாழ்ந்து, லண்டன் படிப்புக்காகப் பணம் சேர்த்தார். 1920-இல் பணியைத் துறந்து மீண்டும் கப்பலேறினார். இம்முறை அரசு உதவித்தொகை இல்லை. சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய்க் கடன் ஆகியவையே மூலதனம்.

பொருளியல் மாணவர் எவரும் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. 1920-இன் தொடக்கத்தில் ஒரு ரூபாயின் மதிப்பு 2 ஷில்லிங்குக்கும் மேல் ஏறியிருந்தது; அடுத்த ஆண்டிலேயே 1 ஷில்லிங் 4 பென்னிக்கும் கீழே சரிந்தது. ரூபாயில் சேமித்து பவுண்டில் செலவிட்டவர்களுக்கு அந்தச் சரிவு ஏட்டில் படிக்கும் செய்தியாக மட்டும் இருந்திராது. அந்த ஆண்டுகளில்தான் அம்பேத்கர் ரூபாயின் சிக்கலைத் தம் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். காலை முதல் மாலை வரை பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் அமர்ந்து, அரை வயிற்றுடன் படித்தார். 1921-இல் எம்.எஸ்சி. பட்டம், தொடர்ந்து பாரிஸ்டர் தகுதி. டி.எஸ்சி. ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் கூறினர். பணம் தீர்ந்துவிட்டதால் 1923-இல் பம்பாய் திரும்பி, அங்கிருந்தபடியே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டின் இறுதியில் பட்டம் உறுதியானது. பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையுடன் அந்நூல் லண்டனில் அச்சேறியது.

இத்தனையும் ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதையாகவே முடிந்திருக்கலாம். அம்பேத்கர் அதை அங்கே முடிக்கவில்லை. 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து அரசிடம் ஒரு மனு அளித்தார். உயர்கல்விக்கும், அறிவியல் தொழில்நுட்பக் கல்விக்கும், வெளிநாட்டுப் படிப்புக்கும் அரசே ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. 1944-இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1954-55-இல் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது.

சயாஜிராவ் பெருந்தன்மையாளர் என்பதில் ஐயமில்லை. எனினும், பெருந்தன்மையை நம்பி ஒரு சமூகம் படிக்க முடியாது. மன்னரை அறிந்த ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் அழைத்துச் செல்ல மனம் வைக்க வேண்டும். மன்னருக்கும் அன்று மனம் இரங்க வேண்டும். இத்தனை தற்செயல்களும் ஒருங்கே அமைந்ததால் ஒருவர் படித்தார். அதே உதவியை வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறும் செலவாக, விதிமுறைகளின்படி எவரும் விண்ணப்பித்துப் பெறக்கூடியதாக மாற்றியதே அம்பேத்கரின் பணி. அவருடைய பட்டங்களைக் காட்டிலும் இது பெரிது என்பேன்.

அவர் 1956 டிசம்பர் 6-இல் மறைந்தார். அவர் விதைத்தது இன்று எந்நிலையில் உள்ளது? தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. எஞ்சியவை சீர்மரபினர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் குடும்பங்களுக்கு. 35 வயதுக்கு உட்பட்டவராக, தகுதித் தேர்வில் 60 விழுக்காடு பெற்றவராக, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதவராக இருக்க வேண்டும். 30 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு. தமிழக அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அம்பேத்கர் பெயரிலேயே வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மத்தியத் திட்டத்தின் பராமரிப்புத் தொகை டாலரிலும் பவுண்டிலும் கணக்கிடப்படுகிறது. மாநிலத் திட்டத்தின் உச்சவரம்பு ரூபாயில் உள்ளது. ரூபாய் சரியும் காலத்தில் இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை விண்ணப்பிப்போர் கணக்கிட வேண்டும்.

சாதி வரையறையின்றி எவரும் முயலக்கூடிய முழு உதவித்தொகைகளும் உள்ளன. பிரிட்டிஷ் அரசின் செவனிங் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கானது. இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்து இரண்டாண்டுகள் தாயகத்தில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாடுகளில் பயிலலாம். மாதம் 1,400 யூரோ கிடைக்கும். இறுதியாண்டு மாணவர்களும் பொதுவாக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் டாட் அமைப்பும் வளரும் நாட்டினருக்கு முதுநிலை உதவித்தொகை தருகிறது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பக் காலம் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை. பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு தேடத் தொடங்கும் மாணவர் ஓராண்டை இழக்கிறார். பாஸ்போர்ட், வருமானச் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் ஆகியவை இறுதியாண்டின் தொடக்கத்திலேயே கைவசம் இருக்க வேண்டும். எந்தப் பாடத்தை, எந்தப் பல்கலைக்கழகத்தில், எதற்காகப் படிக்க விரும்புகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதப் பழகியிருக்க வேண்டும். பட்டாசு ஆலைகளின் வேதிப்பொருள் பாதுகாப்பு, அச்சுத் தொழில்நுட்பம், வறண்ட நில நீர் மேலாண்மை என நம் வட்டாரம் அறிந்த சிக்கல்களே நல்ல விண்ணப்பத்துக்குரிய கருப்பொருள்கள். திரும்பி வரவேண்டிய காலம், திட்டத்தைக் கைவிட்டால் திருப்பித்தர வேண்டிய தொகை போன்ற நிபந்தனைகளைக் கையொப்பமிடும் முன் படித்துவிட வேண்டும்.

அரசுகளுக்கும் கடமை உண்டு. 2022-23-இல் மத்தியத் திட்டத்தின் விதிகள் திருத்தப்பட்டபோது, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா குறித்த சமூக ஆய்வு ஆகிய பொருள்களுக்கு உதவி இல்லை என்றாயிற்று. 1916-இல் சாதியைப் பற்றி ஆய்வுரை படித்த மாணவர் இன்று அதே பொருளோடு விண்ணப்பித்தால் இந்த விதி அவரைத் தடுக்கும். 2025-இல் 106 பேர் தேர்வாகியும், முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று கூறப்பட்டது. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குத் தேதி உண்டு. நிதிக்குத் தேதி இல்லை என்றால் தேர்வானவர் தவித்துப்போவார். பாதியில் நிற்கும் உதவி என்ன செய்யும் என்பதற்கு 1917-இன் லண்டனே சான்று. அன்று அம்பேத்கர் அதைத் தாண்டி வர மூன்றாண்டு உழைப்பும் ஒரு நண்பரின் கடனும் தேவைப்பட்டன. எல்லா மாணவருக்கும் ஒரு பதேனா கிடைப்பதில்லை.

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததால்தான் இந்த வட்டாரத்தின் பொருளாதாரமே மாறியது. வெளியூர் சென்று கற்று வருவதன் பயனை இந்த மண்ணுக்கு எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வாய்ப்பு தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் சென்றடைய வேண்டும். மாவட்டத்தின் ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் ஆசிரியரையாவது இப்பொறுப்புக்கென நியமித்து, ஜூன் மாதமே இறுதியாண்டு மாணவர்களை அமர்த்தி, உதவித்தொகைகளின் பட்டியலையும் நாள்களையும் விதிகளையும் விளக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பம்பாயில் கேளுஸ்கர் ஒருவருக்குச் செய்ததை நம் கல்லூரிகள் ஆண்டுதோறும் நூறு பேருக்குச் செய்ய முடியும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).